நிக்கல் முலாமிடல் முறைகள்: ஒரு வரலாற்று ஒப்பீடு

1. தோற்றுவாய்

உலோகப் பொருள்களுக்கு நிக்கல் முலாமிடுதல் என்பது எமது பாடசாலை இரசாயன நூல்களிலே மின்பகுப்பின் பிரயோகங்களுள் ஒன்றாக ஓரிரு வரிகளிற் கூறி முடிக்கப்படும் விடயமாகும். கதோட்டிலே பொருள், அனோட்டிலே நிக்கல், இடையிலே நிக்கல் சல்பேற்றுக் கரைசல் என்ற மூன்று விவரங்களோடு மாணவனின் அறிவு நின்றுவிடுகின்றது. பொறியியற் கைந்நூல்கள் சற்று மேலே சென்று, எந்த முறை எப்பொருளுக்குப் பொருத்தமானது என்பதனை அட்டவணைகளாகத் தருகின்றன. தடிப்பு, வன்மை, செலவு, நேரம் என்பன அவற்றின் அளவுகோல்கள். இவை தேவையானவை, ஆயினும் போதுமானவையல்ல.

ஒரு கைத்தொழில் முறை மற்றொன்றினை வெற்றிகொள்வது அதன் தொழினுட்பச் சிறப்பினால் மாத்திரமன்று. அம்முறைக்கு வேண்டிய மூலதனம் யாரிடம் உள்ளது, அதுபற்றிய அறிவு யாருக்கு உடைமையானது, அது யாருடைய உழைப்பினை வேண்டாததாக்குகின்றது, அதன் கழிவு யாருடைய உடலிலும் நீரிலும் சென்று சேர்கின்றது என்ற வினாக்களும் அவ்வெற்றியினுள்ளே அடங்கியுள்ளன. நிக்கல் முலாமிடலின் வரலாறு இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும். உருட்டி ஒட்டல், மின்முலாமிடல், மின்னோட்டமின்றி இரசாயனத் தாழ்த்தலால் முலாமிடல் ஆகிய மூன்று முறைகளையும் இக்கட்டுரை ஒப்பிட முனைகின்றது. இம்முறைகள் உருவாகிய களங்கள் மேற்கு ஐரோப்பாவும் வட அமெரிக்காவும் ஆதலின், ஆய்வும் பெரும்பாலும் அக்களங்களிலேயே நிற்கும்.

2. முலாமிடலின் முன்வரலாறு

மலிவான உலோகத்தின் மீது விலையுயர்ந்த உலோகத்தை மெல்லிய படையாக இடுதல் மிகப் பழைய கலை. மின்சாரம் வருமுன்னர் ஐரோப்பாவிலே பொன்முலாமிடுதற்குப் பெருவழக்காக விளங்கியது தீமுலாம் எனப்படும் முறையாகும். பொன்னை இரசத்திற் கரைத்துப் பெற்ற கலவையைப் பொருளின் மீது பூசி, தீயிலே வாட்டினால் இரசம் ஆவியாகிச் செல்லப் பொன் எஞ்சி நிற்கும். ஆவியாகிய இரசம் தொழிலாளியின் நுரையீரலுட் சென்றது. கைநடுக்கமும் பல்லிழப்பும் அத்தொழிலுக்கு உரிய நோய்களாயின. வெள்ளியைப் பொறுத்தவரை, 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே இங்கிலாந்தின் செபீல்ட் நகரில், செம்புத் தகட்டின் மேல் வெள்ளித் தகட்டை வைத்துச் சூடாக்கி உருக்கி இணைத்து, இரண்டையும் ஒன்றாக உருட்டும் முறை தோன்றியது.

வோல்ற்றா 1800இலே மின்கல அடுக்கினை அமைத்தபோது நிலைமை மாறத்தொடங்கியது. ஐந்தாண்டுகளுள், 1805இல், இத்தாலியின் பவியா நகரைச் சேர்ந்த புருக்னாட்டெல்லி மின்னோட்டத்தாற் பொன்னைப் படிவித்தார். 1830களின் தொடக்கத்திற் பரடே மின்பகுப்பு விதிகளை வகுத்தார். செல்லும் மின்கணியத்துக்கும் படியும் உலோகத்தின் திணிவுக்கும் இடையிலான தொடர்பு அதன்பின் கணிக்கத்தக்கதாயிற்று. 1840இல் பேர்மிங்காமின் எல்கிங்ரன் குடும்பத்தார் மின்முலாமிடலுக்கு ஆக்கவுரிமை பெற்றனர். வெள்ளியைச் சீராகப் படியச்செய்யும் சயனைட்டுக் கரைசலைக் கண்டறிந்தவர் அதே நகரின் சத்திரசிகிச்சையாளரான ஜோன் றைற் என்பவர். அவருடைய கண்டுபிடிப்பை எல்கிங்ரன் நிறுவனத்தார் விலைக்கு வாங்கித் தமதாக்கிக்கொண்டனர். கண்டுபிடித்தவன் ஒருவன், உடைமையாளன் மற்றொருவன் என்னும் இந்நிலை பின்னரும் பலமுறை நிகழக் காண்போம்.

இரசத்தின் நஞ்சிலிருந்து தொழிலாளி விடுபட்டான். சயனைட்டின் நஞ்சு அவனை எதிர்கொண்டது. ஒரு முறை நீங்கி மற்றொன்று புகும்போது இடர் முற்றாக மறைவதில்லை, இடம்மாறுகின்றது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

3. நிக்கல் ஏன் பிந்தியது?

நிக்கலை ஒரு தனி உலோகமாக இனங்கண்டவர் சுவீடன் நாட்டவரான குரோன்ஸ்ரெட்; ஆண்டு 1751. அதன் பெயரே சுரங்கத் தொழிலாளரின் அனுபவத்திற் பிறந்தது. சக்சனிப் பகுதியின் ஜேர்மன் சுரங்கத் தொழிலாளர் செம்புத்தாது போன்று தோற்றமளித்த ஒரு தாதுவை அகழ்ந்தெடுத்து உருக்கினர். செம்பு கிடைக்கவில்லை, ஆசனிக்கின் நச்சுப்புகையே கிளம்பியது. செம்பினைக் குறளி கவர்ந்துகொண்டதென நம்பிய அவர்கள் அதற்குக் குறளியின் செம்பு என்ற பொருள்படப் பெயரிட்டனர். அப்பெயரின் ஒரு பாதியே நிக்கல்.

நிக்கலை மின்னோட்டத்தாற் படிவிக்கும் முயற்சிகள் எல்கிங்ரனின் காலத்திலேயே தொடங்கிவிட்டன. 1837இல் இங்கிலாந்திற் கோல்டிங் பேர்ட் பிளாற்றினத்தின் மீது நிக்கலைப் படிவித்தார். 1840இல் ஜோசப் சோர் ஆக்கவுரிமை பெற்றார். 1843இல் ஜேர்மனியின் பொட்கர் நிக்கல் அமோனியம் சல்பேற்றுக் கரைசலைப் பயன்படுத்தினார். எனினும் ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக்கு அது தொழிலாக வளரவில்லை.

இதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, தூய நிக்கல் அரிதாகவும் விலை கூடியதாகவும் இருந்தமை. இரண்டாவது, படிந்த நிக்கல் உட்தகைப்பினால் உரிந்து விழுந்தமை. மூன்றாவது, மின்கலங்களிலிருந்து பெறப்பட்ட மின்னோட்டத்தின் செலவு. வெள்ளியும் பொன்னும் இச்செலவைத் தாங்கின. அடுப்புக்கும் கதவுப்பிடிக்கும் பூசவேண்டிய நிக்கல் தாங்கவில்லை. செல்வந்தரின் உணவு மேசைக்கு வெள்ளி முலாம் வந்துவிட்டது. சாதாரண மக்களின் பாவனைப் பொருளுக்கு உரிய முலாம், மலிவான மின்சாரத்துக்கும் மலிவான தாதுவுக்கும் காத்திருக்க வேண்டியதாயிற்று.

4. ஆக்கவுரிமையின் பதினேழு ஆண்டுகள்

அமெரிக்காவின் பொஸ்ரன் நகரைச் சேர்ந்த ஐசாக் அடம்ஸ் 1869இல் ஓர் ஆக்கவுரிமை பெற்றார். அவரது கரைசல் பொட்கர் முன்னரே பயன்படுத்திய அதே இரட்டை உப்புக் கரைசலாகும். எனினும் அக்கரைசல் பொற்றாசு, சோடா, அலுமினா, சுண்ணாம்பு, நைத்திரிக்கமிலம் ஆகிய மாசுகள் அற்றதாக இருத்தல் வேண்டும் என்பதே அவர் கோரிய புதுமை. ஒரு பொருளின் இருப்பிற்கன்று, சில பொருள்களின் இன்மைக்கு உரிமை கோரப்பட்டது.

பிற்கால ஆய்வின் ஒளியில் நோக்குமிடத்து, நைத்திரேற்றினைத் தவிர்க்கவேண்டும் என்ற அவரது வற்புறுத்தல் சரியானதே; நைத்திரேற்றுக் கதோட்டின் வினைத்திறனைக் குறைக்கும். சோடியம், பொற்றாசியம் பற்றிய எச்சரிக்கை அவசியமற்றது. கரைசலை நடுநிலைக்கு அண்மையிற் பேணியமையே அவரது நடைமுறை வெற்றிக்குப் பெரிதும் காரணமாயிற்று. ஆயினும் நீதிமன்றங்களின் முன்னே நின்றது ஆக்கவுரிமையின் வாசகமே. அவ்வுரிமையைக் கைக்கொண்ட ஐக்கிய நிக்கல் கம்பனி வழக்குகள் வாயிலாக அதனை நிலைநாட்டிற்று. 1869 முதல் 1886 வரை அமெரிக்காவின் வணிகரீதியான நிக்கல் முலாமிடல் ஏறக்குறைய அதன் ஏகபோகமாகவே இருந்தது.

இந்த ஏகபோகத்தை எவ்வாறு மதிப்பிடுவது? அடம்ஸ் ஆய்வுகூட நிகழ்வொன்றினைத் தொழிலாக்கினார் என்பதை மறுத்தல் நேர்மையாகாது. அதேவேளை, முன்னரே பொதுவறிவாயிருந்த ஒரு கரைசல் தனியுடைமையாகிப் பதினேழு ஆண்டுகள் பட்டறைகளிடம் உரிமைக் கட்டணம் அறவிடும் கருவியாயிற்று என்பதும் உண்மையே. இவ்விரு கூற்றுகளுள் ஒன்றினை மட்டும் கூறுவது வரலாறாகாது.

இக்காலத்தில் வேறிரு மாற்றங்களும் நிகழ்ந்தன. இங்கிலாந்திற் பிறந்து அமெரிக்கா சென்ற எட்வேட் வெஸ்ரன் முலாமிடலில் ஈடுபட்டு, மின்கலங்களின் குறைபாட்டை நேரிற் கண்டு, முலாமிடலுக்கெனத் தைனமோக்களை அமைத்தார். இத்துறையில் தைனமோ புதியதன்று. 1844இலேயே பேர்மிங்காமில் வூல்றிச் என்பவர் முலாமிடலுக்காகக் காந்தமின் பிறப்பாக்கி ஒன்றை ஆக்கியிருந்தார். மின்விளக்குக்கு முன்னரே மின்பிறப்பாக்கியை வேலைக்கமர்த்திய தொழில்களுள் முலாமிடலும் ஒன்று. வெஸ்ரனே 1878இல் கரைசலிற் போரிக்கமிலத்தைச் சேர்க்கும் வழியையும் கண்டார். கதோட்டில் ஐதரசன் வெளிப்படும்போது அதன் அயலிற் காரத்தன்மை கூடும். போரிக்கமிலம் அதனைத் தாங்கி நின்று படிவு கருகாமலும் உரியாமலும் காக்கும். இன்றுவரை நிக்கல் தொட்டிகளில் அது நிலைத்திருக்கின்றது. 1890களின் துவிச்சக்கரவண்டிப் பெருக்கம் இத்தொழிலுக்கு மாபெரும் சந்தையை அளித்தது.

5. உருட்டி ஒட்டல்

மின்முலாமிடலுக்குப் போட்டியாக அக்காலத்தில் ஜேர்மனியில் ஒரு முறை எழுந்தது. நிக்கல் உருட்டும்போது வெடிக்கும் இயல்புடையதாக இருந்தது. 1879இல் இசர்லோன் நகரின் பிளைட்மன், உருகிய நிக்கலிற் சிறிதளவு மக்னீசியத்தைச் சேர்த்தால் அது தகடாக்கத்தக்கதாகும் எனக் கண்டார். அதன்பின், இரும்புத் தகட்டின் மேல் நிக்கல் தகட்டை வைத்துச் சூடாக்கி உருட்டி ஒன்றிணைக்கும் தொழில் வளர்ந்தது. சமையற் பாத்திரங்கள் அவ்விதம் செய்யப்பட்டன.

இம்முறையின் சிறப்பு வெளிப்படை. படை தடிப்பானது, நுண்டுளையற்றது, உரியாதது. கரைசலோ கழிவுநீரோ இல்லை. குறையும் வெளிப்படை. தகடாக உள்ள பொருளுக்கே அது பொருந்தும். திருகாணிக்கும் பற்சில்லுக்கும் குழாயின் உட்புறத்துக்கும் அதனாற் பயனில்லை. தகட்டை வெட்டினால் விளிம்பிலே இரும்பு வெளித்தெரியும். எல்லாவற்றிற்கும் மேலாக, உருட்டாலை பெருமூலதனம் வேண்டுவது. மின்முலாமிடலோ ஒரு தொட்டியும் ஒரு சிறு பிறப்பாக்கியும் கொண்டு வீதியோரப் பட்டறையிலும் தொடங்கத்தக்கது. நிக்கல் முலாம் பெருந்தொழிற்சாலையினுள் மட்டும் அடங்காது சிறு பட்டறைகளின் தொழிலாகப் பரவியமைக்கு இவ்வேறுபாடே அடிப்படை எனலாம். அதன் நன்மையும் தீமையும் இப்பரவலிலிருந்தே பிறந்தன.

6. வாட்ஸ் தொட்டி

அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒலிவர் வாட்ஸ் 1916இல் வெளியிட்ட ஆய்வு, மின்முலாமிடலின் இன்றைய வடிவத்தை நிலைநிறுத்தியது. நிக்கல் சல்பேற்று, நிக்கல் குளோரைட்டு, போரிக்கமிலம் என்பனவே அவரது கரைசலின் மூன்று உறுப்புகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தொழில் உண்டு. சல்பேற்று உலோக அயன்களை வழங்குகின்றது. குளோரைட்டு நிக்கல் அனோட்டினைக் கரையச் செய்கின்றது. தூய நிக்கல் குளோரைட்டின்றி மந்தமாகிக் கரைய மறுக்கும் என்பதனை 1906இல் பான்குரொப்ட் உணர்த்தியிருந்தார். போரிக்கமிலம் அமிலத்தன்மையை நிலைநிறுத்துகின்றது. இன்று வழங்கும் தொட்டியொன்றில் ஒரு லீற்றருக்குச் சல்பேற்று 240 முதல் 300 கிராம் வரையும், குளோரைட்டு 30 முதல் 90 கிராம் வரையும், போரிக்கமிலம் 30 முதல் 45 கிராம் வரையும் இருக்கும். வெப்பநிலை 40 முதல் 60 பாகை செல்சியசு.

வாட்ஸின் முக்கியத்துவம் வேகத்திலே உள்ளது. பரடேயின் விதிப்படி ஓர் அம்பியர் மணிக்கு 1.095 கிராம் நிக்கல் படியும். ஒரு சதுர டெசிமீற்றருக்கு ஓர் அம்பியர் வீதம் ஒரு மணிநேரம் செலுத்தினால், வினைத்திறன் முழுமையானதெனக் கொள்ளுமிடத்து, 12.3 மைக்கிரோமீற்றர் தடிப்பு கிடைக்கும். பழைய இரட்டை உப்புத் தொட்டி அரை அம்பியர் அளவிலேயே செம்மையாக இயங்கியது. ஆகவே 25 மைக்கிரோமீற்றருக்கு நான்கு மணிநேரம் வேண்டும். சூடாக்கிய வாட்ஸ் தொட்டி நான்கு அம்பியரை எளிதில் ஏற்கும். அதே தடிப்புக்கு ஏறத்தாழ அரைமணி நேரம் போதும். நகரும் சங்கிலியில் மோட்டார் வாகனங்களை இணைக்கத் தொடங்கியிருந்த ஒரு பொருளாதாரம் வேண்டி நின்ற வேகம் இதுவே. இவ்வறிவு பல்கலைக்கழகத்திலிருந்து பொதுவெளிக்கு வந்தது. எவரும் அதனைத் தம் பட்டறையில் அமைக்கலாயிற்று.

1920களின் பிற்பகுதியில் நிக்கலின் மேல் குரோமியம் இடும் வழக்கம் பரவியது. அன்று முதல் கண்ணுக்குத் தெரிவது குரோமியமே. ஆனால் அழகுக்கான குரோமியப் படை பெரும்பாலும் அரை மைக்கிரோமீற்றருக்கு மேற்படாது. அதன் கீழே பத்து முதல் நாற்பது மைக்கிரோமீற்றர் வரை நிக்கல் உள்ளது. துருவைத் தடுப்பது நிக்கலே. பெயர் பெறுவது குரோமியம்.

7. மெருகிடுவோரின் மறைவு

வாட்ஸ் தொட்டியிலிருந்து வெளிவரும் நிக்கல் மங்கலான சாம்பல் நிறமுடையது. அதனை ஒளிரச் செய்தவர் மெருகிடும் தொழிலாளர். சுழலும் துணிச்சில்லில் மெருகுப்பசையைப் பூசி, ஒவ்வொரு பொருளாகக் கையிற் பிடித்து அழுத்தி மினுக்குதல் அவர்களது வேலை. வெள்ளியைக் கைக்கருவியால் அழுத்தி மினுக்கலாம். நிக்கல் வன்மையானதாகையாற் சில்லுக்கே பணியும். தூசி, வெப்பம், ஓயாத குனிவு என்பன அத்தொழிலின் நிலைமைகள். செபீல்டின் கரண்டித் தொழிலில் மெருகிட்டோர் பெரும்பாலும் பெண்கள். பழுப்புத்தாளாற் கால்களைச் சுற்றி, தலைக்குத் துணி கட்டி வேலைசெய்த அப்பெண்களின் நினைவு அந்நகரில் இன்றும் நிலவுகின்றது. கடினமானதாயினும் அது திறன்வாய்ந்த உழைப்பு. மெருகிடுவோரின்றி முலாம் விற்பனையாகாது என்ற நிலை அவர்களுக்குக் கூலிபேசும் வலுவையும் ஓரளவு வழங்கியது.

1930களில் ஜேர்மனியில் சுலோற்றரும் அமெரிக்காவிற் பிறரும் பிரகாச நிக்கல் தொட்டிகளை உருவாக்கினர். சில சேதனச் சேர்வைகளை மிகச் சிறிய அளவிற் கரைசலிலே கலந்தால், நிக்கல் கண்ணாடிபோல் ஒளிர்ந்தவாறே படியும். சீனிக்குப் பதிலியாக நாமறிந்த சக்கரினே பின்னர் இதற்குப் பெருவழக்காகப் பயன்பட்ட சேர்வைகளுள் ஒன்று. மெருகுச்சில்லுகள் முலாமிட்டபின் சுழலவேண்டிய தேவை பெருமளவு நீங்கிற்று. பொருளாதார நோக்கிற் பிரகாச நிக்கலின் முழு நன்மையும் இந்த உழைப்பை நீக்கியமையிலேயே அடங்கியுள்ளது.

தொழினுட்ப நோக்கில் அது ஒரு குறையையும் கொணர்ந்தது. ஒளியூட்டும் சேர்வைகளிலிருந்து கந்தகம் படிவினுட் புகுவதால் பிரகாச நிக்கல் எளிதில் அரிப்புறும். இதனைத் தீர்க்கப் பிற்காலத்திற் கந்தகமற்ற அரைப்பிரகாசப் படையைக் கீழும், பிரகாசப் படையை மேலும் இடும் இரட்டை நிக்கல் முறை வகுக்கப்பட்டது. மேற்படை பக்கவாட்டில் அரிக்கப்பட்டுத் தன்னை இழந்து கீழ்ப்படையைக் காக்கும்.

ஆனால் இங்கு நிகழ்ந்த ஆழமான மாற்றம் வேறு. மெருகிடும் திறன் தொழிலாளியின் கையிலிருந்தது. ஒளியூட்டியின் சூத்திரமோ அதை விற்கும் இரசாயனக் கம்பனியின் பேழையில் இருந்தது. பட்டறைக்காரன் அதனை இலக்கமிட்ட கலனாக வாங்கினான். உள்ளே யாதுளது என்பதை அவனும் அறியான், தொட்டியில் நின்ற தொழிலாளியும் அறியான். வாட்ஸ் பொதுவுடைமையாக்கிய கரைசலுக்குள் வணிக இரகசியம் சில துளிகளாகத் திரும்பி வந்தது.

8. மின்னோட்டமின்றிய முலாம்

நிக்கல் உப்பினை ஐப்போபொசுபைற்றுத் தாழ்த்தி உலோகமாக்கும் என்பதனைப் பிரான்சின் வேர்ட்ஸ் 1844இலேயே அவதானித்திருந்தார். கிடைத்தது கரும்பொடி. அதனைக் கட்டுப்பாடுடைய முலாமாக்கியோர் அமெரிக்கத் தேசிய நியமங்கள் பணியகத்தைச் சேர்ந்த ஏப்னர் பிரென்னரும் கிரேஸ் ரிடல் என்ற பெண் ஆய்வாளருமாவர், ஆண்டு 1946. அவர்கள் குழாய்களின் உட்சுவரிலே மின்னோட்டத்தால் முலாமிட முயன்றுகொண்டிருந்தனர். கரைசலின் சித்திரேற்று ஒட்சியேற்றமடைவதைத் தடுக்க ஐப்போபொசுபைற்றைச் சேர்த்தனர். படிந்த நிக்கலின் அளவு பரடேயின் விதி அனுமதிக்கும் அளவை மீறியது. வினைத்திறன் நூற்றுக்கு நூறுக்கு மேலாதல் இயலாது. ஆகவே மின்னோட்டத்தினாலன்றி வேறொரு வழியாலும் நிக்கல் படிகின்றதென உணர்ந்தனர். மின்னோட்டத்தை நிறுத்தியபோதும் படிவு தொடர்ந்தது. பொருளின் மேற்பரப்பு தாக்கத்தை ஊக்கியது. படிந்த நிக்கலே மேலும் நிக்கலைப் படியச்செய்யும் ஊக்கியாயிற்று.

இம்முறையிற் கிடைப்பது தூய நிக்கலன்று. பொசுபரசு கலந்த உலோகம். பொசுபரசின் வீதம் ஒன்று இரண்டிலிருந்து பன்னிரண்டு பதின்மூன்று வரை மாறலாம். அது கூடுமளவுக்கு அரிப்பெதிர்ப்பும் கூடும். ஏறத்தாழ 400 பாகையிற் சூடாக்கினால் வன்மை பெரிதும் உயர்ந்து, கடினக் குரோமியத்துடன் ஒப்பிடத்தக்கதாகும். 1950களில் அமெரிக்கப் போக்குவரத்துக் கம்பனியொன்று எரிசோடாவை ஏற்றிச் செல்லும் தொட்டி வண்டிகளின் உட்புறத்துக்கு இதனைக் கனிஜன் என்ற வணிகப் பெயரிற் பயன்படுத்தியது. அரசாங்க ஆய்வுகூடத்திற் பிறந்து, பொது ஆய்விதழில் வெளியான கண்டுபிடிப்பு மீண்டும் வணிகப் பெயர்களாலும் ஆக்கவுரிமைகளாலும் வேலியிடப்பட்டது.

9. ஒப்பீடு

இனி முறைகளை நேருக்கு நேர் நோக்கலாம்.

முதலாவது, தடிப்பின் சீர்மை. மின்முலாமிடலில் மின்னோட்டம் கூரிய விளிம்புகளிலும் மூலைகளிலும் செறியும்; அங்கு படை தடிக்கும், குழிகளில் மெலியும். திருகாணியின் புரிமுனை பருத்து அடி வெறுமையாகும். இரசாயன முறையிற் கரைசல் சென்று தொடும் இடமெல்லாம் ஒரே தடிப்பு. வால்வு, பம்பி, குழாயின் உட்புறம் என்பவற்றுக்கு அது நிகரற்றது. தகுந்த முற்செயலின்பின் பிளாத்திக்குப் போன்ற மின்கடத்தாப் பொருள்களிலும் படியும்.

இரண்டாவது, வேகமும் செலவும். இரசாயனத் தொட்டி 85 முதல் 95 பாகையில் மணிக்குப் பத்து முதல் இருபத்தைந்து மைக்கிரோமீற்றரே படிவிக்கும். ஒரு கிராம் நிக்கலுக்கு ஏறக்குறைய ஐந்து கிராம் ஐப்போபொசுபைற்று செலவாகும். மின்னோட்டம் அதைவிட மிக மலிவான தாழ்த்தி. ஆகவே கைபிடிகளுக்கும் அலங்காரப் பொருள்களுக்கும் மின்முலாமே ஆளுகின்றது.

மூன்றாவது, தொட்டியின் ஆயுள். வாட்ஸ் கரைசல் வடிகட்டித் துப்புரவு செய்யப்பட்டு ஆண்டுக்கணக்கில் இயங்கும்; அனோட்டிலிருந்து உலோகம் மீளக் கிடைக்கும். இரசாயனத் தொட்டியில் ஓதோபொசுபைற்றுத் திரண்டு, உலோகம் சிலமுறை மாற்றீடு செய்யப்பட்டபின் கரைசல் முழுவதையும் கழிக்க வேண்டும். அக்கழிவில் நிக்கலுடன் அதனைப் பிணைத்து நிற்கும் சேதன அமிலங்களும் உள்ளமையால் சாதாரண வீழ்படிவாக்கலாற் பிரித்தெடுத்தல் கடினம்.

நான்காவது, இரண்டுக்கும் பொதுவான ஓர் எல்லை. நிக்கல் இரும்பைவிட மந்தமானது. நாகம்போலத் தன்னை இழந்து இரும்பைக் காப்பதில்லை. முலாமில் ஒரு நுண்டுளை இருப்பின் அவ்விடத்தில் இரும்பு முன்னிலும் விரைந்து துருப்பிடிக்கும். எமது கரையோர நகரங்களின் உப்புக்காற்றிலே துவிச்சக்கரவண்டியின் கைபிடியிற் புள்ளிபுள்ளியாகத் துரு எழுவதன் காரணம் இதுவே. ஆகவே எந்த முறை என்பதிலும், எவ்வளவு தடிப்பு, எவ்வளவு துப்புரவான முன்னேற்பாடு என்பனவே பெரும்பாலும் முலாமின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. மலிவுக்காகத் தடிப்பைக் குறைக்கும் உற்பத்தியாளன் வாங்குவோரை ஏமாற்றுவது கண்ணுக்குத் தெரியாத இந்த மைக்கிரோமீற்றர்களிலேயே.

10. அட்டவணையில் இடம்பெறாதவை

இதுவரை கூறிய அளவுகோல்கள் தொட்டியின் விளிம்போடு நின்றுவிடுகின்றன. தொட்டிக்கு அப்பாலும் முலாமின் விலை செலுத்தப்பட்டது.

1870களிலிருந்து நிக்கலை மலிவாக்கியது பிரான்சின் குடியேற்ற நாடாகிய நியூ கலிடோனியாவின் தாதுவாகும். தம் நிலத்தை இழந்த அத்தீவின் கனாக் மக்கள் 1878இல் அத்தாய் என்ற தலைவனின் கீழ்க் கிளர்ந்தெழுந்து ஒடுக்கப்பட்டனர். சுரங்கங்களிற் குற்றக்கைதிகளும், பின்னர் ஜப்பான், யாவா, வியற்னாம் முதலிய இடங்களிலிருந்து ஒப்பந்தத்தின்பேரிற் கொணரப்பட்டோரும் உழைத்தனர். ஒப்பந்தக் கூலிமுறையின் கீழ் மலையகத்துக்கு மக்கள் கொணரப்பட்ட வரலாற்றை அறிந்த எமக்கு இது அந்நியமான கதையன்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலிடம் பெற்ற கனடாவின் சட்பரியில், தாதுவைத் திறந்தவெளிக் குவியல்களாக எரித்தமையால் எழுந்த கந்தகப்புகை சுற்றுப்புறக் காடுகளை அழித்தது.

லூட்விக் மொண்ட் 1890இல் வெளியிட்ட நிக்கல் காபனைல் முறை, மிகத்தூய நிக்கலைப் பெறும் அழகிய இரசாயனம். அதனைப் பயன்படுத்திய வேல்ஸின் கிளைடக் ஆலை 1902இல் இயங்கத்தொடங்கியது. அங்கு தொழிலாளரிடையே மூக்கறையிலும் நுரையீரலிலும் புற்றுநோய் மிகுதியாக ஏற்பட்டமை 1930களின் தொடக்கத்தில் வெளிவந்தது. பிரித்தானியாவில் நட்டஈட்டுக்குரிய தொழில் நோயாக அது ஏற்கப்பட்டது 1949இலேயே. பெரிதும் பாதிக்கப்பட்டோர் 1930இற்கு முன்னர் வேலையிற் சேர்ந்தோராவர். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 1990இல் நிக்கல் சேர்வைகளை மனிதரிற் புற்றுநோய் விளைப்பவை என வகைப்படுத்தியது.

முலாமிடும் பட்டறையின் நோய் இன்னும் பழையது. 1889இலேயே பேர்ளின் மருத்துவர் பிளாஸ்கோ மின்முலாமிடுவோரின் தோலழற்சியை விவரித்தார். அரிப்பு விரலிடையிலே தொடங்கி முன்கை வரை பரவும். ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டால் அது வாழ்நாள் முழுவதும் நிற்கக்கூடியது. தொழிலாளி தொழிலையே விடவேண்டி வரும். நிக்கல் தோடுகளாலும் கொழுவிகளாலும் நுகர்வோருக்கும், விசேடமாகப் பெண்களுக்கும், இதே ஒவ்வாமை பெருகியபின், 1994இல் ஐரோப்பிய ஒன்றியம் தோலைத் தொடும் பொருள்களிலிருந்து வெளிப்படும் நிக்கலுக்கு எல்லை விதித்தது. தொழிலாளியின் கை கூறியதை உலகம் கேட்டது, நுகர்வோரின் காது கூறியபின்னரே.

11. முடிவுரை

எந்த முறை சிறந்தது என்ற வினாவுக்கு ஒரே விடை இல்லை. சிக்கலான வடிவுக்கும் தேய்வெதிர்ப்புக்கும் இரசாயன முறை. அழகுக்கும் மலிவுக்கும் மின்முறை. தடித்த துளையற்ற தகட்டுக்கு உருட்டி ஒட்டல். இது தொழினுட்பத்தின் விடை. வரலாற்றின் விடை மற்றொரு தொடரைக் காட்டுகின்றது. பொட்கரின் பொதுவறிவு அடம்ஸின் உடைமையாயிற்று. வாட்ஸ் அதனை மீண்டும் பொதுவாக்கினார். ஒளியூட்டி விற்போர் அதனுள் இரகசியத்தைக் கலந்தனர். பிரென்னரும் ரிடலும் பொதுநிதியிற் கண்டறிந்தது வணிகப் பெயருள் அடைக்கப்பட்டது. அறிவு பொதுவாகுதலும் உடைமையாகுதலும் மாறிமாறி நிகழும் இப்போராட்டமே நிக்கல் முலாமின் உள்வரலாறு.

இதில் எமக்குரிய பங்கு யாது? இந்தியாவின் காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் நிலமும் நிதியும் வழங்க, 1948இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், முலாமிடல் உட்பட இத்துறை ஆய்வினைப் பொதுநிறுவனமாக வளர்த்து வந்துள்ளது. தமிழ் வழங்கும் நிலத்திலேயே இவ்வறிவு ஆக்கப்பட்டது. எனினும் கோயம்புத்தூரிலோ மொரடாபாத்திலோ, எமது நகரங்களின் ஒதுக்குப்புறப் பட்டறைகளிலோ பச்சைக்கரைசலிற் பொருளைத் தோய்த்தெடுக்கும் தொழிலாளிக்கு அவன் மொழியில் அது எவ்வளவு சென்று சேர்ந்துள்ளது என்பதே வினா. கையுறை ஏன் வேண்டும், கழுவுநீரை ஏன் வடிகாலில் விடலாகாது, கலனில் உள்ள திரவத்தின் பெயர் என்ன என்பவற்றை அறிதல் அவனது உரிமை, கருணையன்று.

பல்கலைக்கழகத் தமிழிலே கதோட்டும் அனோட்டும் கலைச்சொல்லாயின. அச்சொற்கள் பரீட்சைத் தாளோடு நின்றுவிடாது பட்டறையின் சுவரில் எழுதப்படும் எச்சரிக்கையாகவும் ஆகும்போதே, அறிவைத் தாய்மொழியிற் பயின்றோம் என்ற எமது கூற்று முழுமை பெறும்.